கழகம் யாருடையது?

“பதினோரு பேர் ஒரு பந்தை உதைக்கிறார்கள்; அதற்கு உனக்கு ஏனப்பா இரத்தக் கொதிப்பு?” என்று கேட்கும் தோழர்கள் நம் விடுதியில் இருக்கிறார்கள். நல்லவர்கள், படிப்பாளிகள். கால்பந்து ரசிகன் முகம் சிவந்து வந்தால், இவன் கட்சி தோற்றுவிட்டது போலும் என்று எண்ணிக் கொள்கிறார்கள். “வங்காளிகளின் வீட்டுச் சண்டையில் தமிழனுக்கு என்ன வேலை?” என்பது அவர்களுடைய அடுத்த கேள்வி. இரண்டுக்கும் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

தோல்வி ரசிகனுக்குப் புதிதன்று. தோற்றால் வருந்துவான், நடுவரைத் திட்டுவான், இரண்டு நாளைக்குச் சோறு ருசிக்காது. அடுத்த ஆட்டத்துக்கு மறுபடியும் போய் வரிசையில் நிற்பான். கோபம் பிறப்பது வேறு இடத்தில். தன்னுடையது என்று நம்பியிருந்த ஒன்றை, தன்னைக் கேளாமல், பூட்டிய அறைக்குள் நாலு பேர் விலை பேசி முடித்துவிட்டார்கள் என்று மறுநாள் பத்திரிகையில் படிக்கிறானே, அப்போது பிறக்கிறது.

கல்கத்தாவில் (ஊரின் பெயர் 2001-லேயே கொல்கத்தா ஆகிவிட்டது, நம்மவர் வாய்க்குப் பழைய பெயர்தான் வருகிறது) இந்தக் கோபத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஈஸ்ட் பெங்கால் கழகம் பிறந்ததே ஒரு நிர்வாகத்தின் மேல் வந்த கோபத்தினால்தான். 1920 ஜூலையில், மோகன் பகானை எதிர்த்து ஆட வேண்டிய ஜோராபகான் அணியிலிருந்து சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை நீக்கினார்கள். அக்கழகத்தின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி, அவரைச் சேர்த்துக் கொள்ளச் சொன்னார். நிர்வாகம் செவி சாய்க்கவில்லை. சௌதுரி வெளியேறினார்; ஆகஸ்டு 1-ல் புதுக் கழகம் கண்டார். 1947-க்குப் பிறகு வீட்டையும் நிலத்தையும் எல்லைக்கு அப்பால் விட்டுவிட்டு வந்த மக்களுக்கு, ‘எங்கள் ஊர்’ என்று சொல்லிக் கொள்ள மிஞ்சியவற்றுள் ஒன்று, சிவப்பும் பொன்னுமான அந்தச் சட்டை. எதிர்ப்பக்கத்து மோகன் பகானின் பெருமையும் இதற்குக் குறைந்ததன்று. 1889-ல் தொடங்கிய கழகம். 1911 ஜூலை 29-ல், பதினொருவரில் பதின்மர் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று, வெள்ளைக்காரனையும் விளையாட்டில் வீழ்த்தலாம் என்று நாட்டுக்குக் காட்டிய கழகம்.

தமிழனுக்கு என்ன வேலை என்ற கேள்வி இருக்கட்டும். 1949, 50, 51 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐ.எப்.ஏ. கேடயத்தை ஈஸ்ட் பெங்கால் வென்றபோது, வங்காளம் முழுவதும் ‘பஞ்ச பாண்டவர்’ என்று கொண்டாடிய அந்த ஐந்து முன்னணி ஆட்டக்காரர்கள் யார்? அகமது கான், அப்பா ராவ், தன்ராஜ், வெங்கடேஷ், சாலே. எல்லாரும் தென்னாட்டிலிருந்து வந்தவர்கள்! இலக்குக் காவலர் பீட்டர் தங்கராஜ், முகமதன், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற மூன்று கழகங்களுக்கும் காவல் நின்றார். ‘எந்த ஊர்க்காரன்?’ என்று கேட்டுவிட்டு அந்தக் கூட்டம் கை தட்டவில்லை. ஆகவே, வீடு அவர்களுடையது, நாம் விருந்தாளிகள் என்ற பேச்சு வேண்டாம்.

இனி வழக்குக்கு வருவோம்.

2020 ஜனவரியில் மோகன் பகானின் கால்பந்துக் கம்பெனியில் நூற்றுக்கு எண்பது பங்கு, சஞ்சீவ் கோயங்காவின் ஆர்.பி.எஸ்.ஜி. குழுமத்தின் கைக்குப் போயிற்று. அந்தப் பருவத்தில்தான் மோகன் பகான் ஐ-லீக்கில் வாகை சூடியது. சூடிய வாகை வாடுமுன், ஜூலையில் பெயர் மாறிவிட்டது: ‘ஏ.டி.கே. மோகன் பகான்’. ஏ.டி.கே. என்பது ஐ.எஸ்.எல். போட்டிக்காக 2014-ல் உண்டாக்கிய அட்லெடிகோ டி கொல்கத்தா. ஆறு வயதுப் பிள்ளை, நூற்று முப்பது வயதைக் கடந்த கிழவரின் தோளில் ஏறித் தலைக்கு முன்னே உட்கார்ந்து கொண்டது! ‘ஏ.டி.கே.யை எடு’ என்று ரசிகர்கள் பதாகை பிடித்தார்கள். தெருவில் ஊர்வலம் போனார்கள். அணி வென்ற நாளிலும் அந்தக் குரல் ஓயவில்லை. அதைக் கவனிக்க வேண்டும். தோல்விக்குத்தான் கோபம் என்றால், வென்ற நாளில் ஏன் கூச்சல்?

2023 மார்ச் 18-ல் கோவாவில் பெங்களூரு அணியை வென்று கோப்பையைத் தூக்கிய இரவில், அடுத்த பருவத்திலிருந்து ஏ.டி.கே. இராது என்று கோயங்கா அறிவித்தார். ஆனந்தக் கூத்து! புதுப் பெயர் என்ன? ‘மோகன் பகான் சூப்பர் ஜயன்ட்’. அதே குழுமம் நடத்தும் லக்னோ கிரிக்கெட் அணியின் பெயரிலும் அந்த வால் தொங்குகிறது. முன்னால் இருந்த ஒட்டு போயிற்று; பின்னால் ஒன்று வந்தது. ரசிகர்கள் வென்றார்கள் என்று எல்லோரும் எழுதினார்கள். நானும் மகிழ்ந்தேன், எதிர்க்கட்சிக்காரனாக இருந்தும் மகிழ்ந்தேன். ஆனால் வென்றது எதை? பெயரை மாற்றியவரும் முதலாளி. திருப்பித் தந்தவரும் முதலாளி. கொடுப்பதும் எடுப்பதும் அவர் கையில் இருக்கும்போது, கிடைத்தது சலுகை, உரிமையன்று.

எங்கள் பக்கத்துக் கதை இன்னும் கேவலம். 2018-ல் பெங்களூருவின் குவெஸ் நிறுவனம் வந்தது, 2020-ல் போயிற்று. அந்த ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ சிமென்ட் வந்தது. கழகத்தின் பெயர் ‘எஸ்.சி. ஈஸ்ட் பெங்கால்’ ஆயிற்று. எஸ்.சி. என்றால் ஸ்போர்ட்டிங் கிளப் என்றார்கள்; ஸ்ரீ சிமென்ட் என்று படித்தாலும் தடுப்பார் இல்லை. முதலில் ஒரு முன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாட்டோம், அது கழகத்தையே எழுதிக் கொடுப்பதாகும் என்று பழைய நிர்வாகிகள் நின்று கொண்டார்கள். கையெழுத்து இல்லாமல் பணம் இல்லை என்று கம்பெனி நின்று கொண்டது. மாதங்கள் கழிந்தன. ஆட்டக்காரர்களைச் சேர்க்க வேண்டிய காலமும் கழிந்தது.

2021 ஜூலை 21-ல் ரசிகர்கள் மைதான் பகுதியிலுள்ள கழகக் கூடாரத்தின் முன் திரண்டார்கள். அங்கேதான் வெட்கக்கேடு. நிர்வாகிகளே, கையெழுத்திடுங்கள் அல்லது விலகுங்கள் என்றது ஒரு பக்கம். நிர்வாகிகளை ஆதரித்தது மறுபக்கம். சிவப்புப் பொன் சட்டையே சிவப்புப் பொன் சட்டையோடு மோதிற்று. போலீசார் தடியடி நடத்தினார்கள். எந்தத் தாளுக்காக இரத்தம் சிந்திற்றோ, அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று அங்கே அடிபட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் முழுதாகப் படித்துப் பார்த்திருப்பார்கள்? ஆகஸ்டு மாதம் முதலமைச்சர் மம்தா பானர்ஜி தலையிட்டு அணியை ஆட வைத்தார். அந்தப் பருவத்தில் ஆடியது இருபது ஆட்டம், வென்றது ஒன்றே ஒன்று, இடம் கடைசி. 2022-ல் அந்தக் கம்பெனியும் விடைபெற, இமாமி வந்தது. நான்கே ஆண்டில் மூன்று முதலாளிகள்! சத்திரத்தில்கூட ஆட்கள் இவ்வளவு விரைவாக மாறுவதில்லை.

“பணம் போடுகிறவனுக்கு அதிகாரம் இல்லையா?” என்று வணிகவியல் தோழர் கேட்பார். உண்டு. நுழைவுச் சீட்டு விற்ற காசில் இன்றைய ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்துவிட முடியாது. மோகன் பகான் 2024-25-ல் லீக் கேடயத்தையும் கோப்பையையும் ஒருசேர வென்றதென்றால், அதில் பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பணம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அதே பருவத்தில் முகமதன் கழகம் காட்டியது: சம்பள பாக்கிக்காகப் பயிற்சிக்கு வர மறுத்த ஆட்டக்காரர்கள், பட்டியலில் கடைசி இடம். 1934-ல் கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்தியக் கழகம் அது! ஆகையால் முதலாளி வேண்டாம் என்று நான் கொடி பிடிக்கவில்லை. பழைய நிர்வாகிகளைத் தெய்வமாக்கவும் இல்லை. ‘ரசிகர்களின் உணர்ச்சி’ என்று அவர்களும் பேசுகிறார்கள், கம்பெனியும் பேசுகிறது. அந்த உணர்ச்சிக்காரனுக்கு மேசையில் ஒரு நாற்காலி போடலாமே என்றால் மட்டும் இரு தரப்பும் ஒரே குரலில் மௌனம் சாதிக்கின்றன.

முதலாளி வாங்குவது எதை என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஆட்டக்காரனை வாங்கலாம்; பயிற்சியாளரை வாங்கலாம். 1997 ஜூலை 13-ல் சால்ட் லேக் அரங்கத்தில், கூட்டமைப்புக் கோப்பையின் அரையிறுதியில் இவ்விரு கழகங்களும் மோதியபோது 1,31,000-க்கு மேற்பட்டவர் வந்து உட்கார்ந்தார்களே, அந்தக் கூட்டத்தை எந்தக் கடையில் வாங்குவது? 1980 ஆகஸ்டு 16-ல் ஈடன் தோட்டத்தில் இதே இரு கழகங்களின் ஆட்டம் பார்க்கப் போன பதினாறு பேர் நெரிசலிலும் கலவரத்திலும் மாண்டார்கள். அந்தப் பதினாறு வீடுகளும் போட்ட முதல் எந்தக் கணக்குப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது? கூட்டம் இருப்பதால்தான் கம்பெனி வருகிறது. அந்தக் கூட்டத்தை முதலாக மதிக்காமல், விற்பனைச் சரக்காக மதிக்கிறார்கள்.

கூட்டம் வேர் விடாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. தில்லி டைனமோஸ் என்ற அணி 2019-ல் புவனேசுவரத்துக்கு வண்டியேறி ஒடிசா எப்.சி. ஆயிற்று. புனே அணி அதே ஆண்டில் மூடப்பட்டு, அதன் இடத்தில் ஐதராபாத் அணி முளைத்தது. பிறகு 2025-ல் அந்த ஐதராபாத் அணி தில்லிக்குப் பயணமாயிற்று! தில்லியில் இழந்தவனுக்கு ஐதராபாத்தில் இருந்து திருப்பிக் கொடுத்தார்கள் என்று வேண்டுமானால் ஆறுதல் சொல்லலாம். நம் சென்னையின் அணி 2015-லும் 2018-லும் கோப்பை வென்றது, மகிழ்ச்சிதான். அது நாளை ஊர் மாறாது என்பதற்கு நம்மவர் கையில் என்ன பத்திரம் இருக்கிறது?

பிற நாட்டார் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் 1998-ல் கழகங்கள் கம்பெனிகளாக அனுமதிக்கப்பட்டபோதே ஒரு விதி செய்தார்கள்: வாக்குகளில் பாதியும் அதற்கு மேல் ஒன்றும் உறுப்பினர் சங்கத்திடம் இருக்க வேண்டும். லெவர்குசன், வோல்ப்ஸ்பர்க் போன்ற விலக்குகள் உண்டு. லைப்சிக் நகரத்து அணி, வாக்குள்ள உறுப்பினர்களை விரல் விட்டு எண்ணும் அளவில் வைத்து விதியையே கேலிக்கூத்தாக்கியது. ஓட்டை இருக்கிறது என்பதற்காகக் குடையை எறிவதா? இங்கிலாந்து லீக்கில் ஆடும் கார்டிப் நகரக் கழகத்தின் முதலாளி 2012-ல் நீலச் சட்டையைச் சிவப்பாக்கினார். ரசிகர்கள் விடாமல் போராடி 2015-ல் நீலத்தை மீட்டார்கள். அதன்பின் 2021 ஏப்ரலில், பெரிய கழகங்கள் தமக்கெனத் தனிப் போட்டி அமைக்கப் புறப்பட்டபோது, தெருவில் இறங்கிய ரசிகர்கள் மூன்றே நாளில் அதைக் கவிழ்த்தார்கள். அத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. கழகத்தின் சின்னத்தையோ சட்டையின் முதன்மை நிறத்தையோ மாற்ற வேண்டுமானால் ரசிகர்களில் பெரும்பான்மையோர் ஆதரவு வேண்டும் என்பது இன்று அங்கே சட்டம். அச்சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்த நாள் 2025 ஜூலை 21. மைதானில் தடியடி பட்டதும் ஒரு ஜூலை 21-தான். நடுவில் நான்கு ஆண்டு.

நமக்கு வேண்டியதும் இதுதான். பெயர், நிறம், சின்னம் மூன்றையும் உறுப்பினர் வாக்கின்றித் தொடக்கூடாது. உறுப்பினர் ஆவதற்குச் சிபாரிசு தேடி அலைய வேண்டாம். மாணவனும் கட்டக்கூடிய சந்தாவில், திரிபுராவில் இருப்பவனும் சிலிகுரியில் இருப்பவனும் சேரக்கூடியதாகக் கதவு திறந்திருக்கட்டும். கம்பெனியின் இயக்குநர் குழுவில் அந்த உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் உட்காரட்டும். யாரை வாங்குவது, யாரை விற்பது என்பதில் அவர் மூக்கை நுழைக்க வேண்டாம். ஒப்பந்தம் என்று ஒரு தாள் வந்தால், அதைப் படித்து வெளியில் வந்து சொன்னால் போதும்.

ரசிகர்கள் ஒன்று சேர மாட்டார்கள் என்ற சாக்கு இனிச் செல்லாது. 2024 ஆகஸ்டு 18-ல், மருத்துவ மாணவி ஒருத்திக்கு நேர்ந்த கொடுமையால் ஊரே கொதித்திருந்தபோது, பாதுகாப்பைக் காரணம் காட்டி இவ்விரு கழகங்களின் டூரண்ட் கோப்பை ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஆட்டம் இல்லை என்று தெரிந்தும் மூன்று கழகத்து ரசிகர்களும் சால்ட் லேக் அரங்கத்துக்கு வெளியே கூடி, நீதி வேண்டும் என்று முழங்கினார்கள். பச்சைச் சட்டைக்காரனின் தோளில் சிவப்புச் சட்டைக்காரன் ஏறி நின்றதை நாடு பார்த்தது. அங்கேயும் தடியடி நடந்தது, கூட்டம் கலையவில்லை.

அந்த மூன்று கழகத்து ரசிகர்களும் சேர்ந்து ஒரே மனு எழுதினால், அதற்குப் பதில் சொல்லாமல் எந்தக் கம்பெனி இங்கே சீட்டு விற்கும்? மனுவின் வங்காளி வாசகத்தை எழுத இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. தமிழ் வாசகத்தை எழுதித் தர நான் இருக்கிறேன். பஞ்ச பாண்டவர் ஆடிய கழகத்துக்காகக் கையெழுத்துக் கேட்டு விடுதி அறைகளுக்கு வருவேன். இரத்தக் கொதிப்பு உனக்கு ஏன் என்று கேட்ட தோழர்களின் கதவைத்தான் முதலில் தட்டுவதாக இருக்கிறேன்.