ஒரு வேலைக்கு ஒரு ஃபைல்!

இந்த வாரம் கொஞ்சம் அசடு வழியப் போறேன், கண்டுக்காதீங்க.

தி.நகரில் ஒரு குட்டி சாஃப்ட்வேர் கம்பெனியில் நான் இன்டர்ன். ஒரு ஜவுளிக்கடையின் ஆன்லைன் விற்பனைக்கு ஆடித் தள்ளுபடி. எல்லா விலையிலும் 10 சதவிகிதம் குறைக்கும் டாஸ்க் எழுதுவது என் வேலை. சர்வரில் புது கோட் ஏற்ற அங்கே 'கேப்பிஸ்ட்ரானோ'தான். ஜேமிஸ் பக் எழுதிய ரூபி டூல். முதலில் இதன் பெயர் 'ஸ்விட்ச்டவர்', 2006-ல்தான் மாறியது.

எங்க 'டெப்ளாய்.ஆர்பி' ஃபைலில் எல்லா டாஸ்க்கும் ஒரே குவியல். கடைசியில் என்னுடையதையும் சேர்த்து ஓடவிட்டேன். ஆயிரம் ரூபாய் புடவை 900-க்கு வரணும். வந்ததோ 810!

ஏன்? அதே பெயரில் சீனியர் ஏற்கெனவே ஒரு டாஸ்க் எழுதியிருந்தார். பின்னால் எழுதினது முன்னதை அழிச்சிடும்னுதானே நினைப்பீங்க? இல்லை பாஸ். கேப்பிஸ்ட்ரானோ 3, 'ரேக்' மேல் ஓடுது. ரேக்கில் ஒரே பெயரில் இரண்டு இருந்தா, இரண்டுமே ஓடும்!

பதறிப்போய் 'ரோல்பேக்' கொடுத்தேன். அது பழைய கோடைத்தான் திருப்பித் தரும். டேட்டாபேஸில் மாறின விலையைத் தொடாது. டீம் லீடர் பேக்கப்பிலிருந்து விலைகளை மீட்பதற்குள் ஏழு ஆர்டர் விழுந்தாச்சு. கடைக்காரர் திட்டவே இல்லை. "போட்ட விலைக்கே கொடுத்துடலாம் தம்பி"ன்னார். திட்டியிருந்தாக்கூடத் தேவலை!

மறுநாளே பிரிச்சோம். 'லிப்/கேப்பிஸ்ட்ரானோ/டாஸ்க்ஸ்' ஃபோல்டரில் வேலைக்கு ஒரு '.ரேக்' ஃபைல். டாஸ்க் பெயரே ஃபைல் பெயர். ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் வைக்க முடியாதே! 'கேப்ஃபைல்' கடைசியில் இருக்கும் ஒரு வரி அத்தனையையும் இழுத்துக்கும். ஆனா உள்ளே சப்ஃபோல்டர் போட்டா அந்த வரியையும் மாத்தணும். டெப்ளாய்.ஆர்பியில் செட்டிங்ஸும், எது எதுக்கு அப்புறம் ஓடணும் என்ற வரிசையும் மட்டும். ஒவ்வொரு டாஸ்க்குக்கும் ஒரு வரி விளக்கம் எழுதிட்டா, 'கேப் -டி' (பெரிய டி!) அடிச்சதும் முழுப் பட்டியலும் வரும்.

மயிலாப்பூர்ல எங்க பாட்டி கொலுப் பெட்டிகள் மேல 'தசாவதாரம்', 'செட்டியார் கடை'ன்னு சீட்டு ஒட்டி வைப்பாங்க. சின்ன வயசில் கிண்டல் பண்ணியிருக்கேன். ஸாரி பாட்டி!

உங்க ப்ராஜெக்ட் ஃபோல்டரை இன்னிக்கே ஒரு தடவை திறந்து பாருங்களேன்.