வித்வானுக்கு எதுக்குங்க பவுடர்?

மாட்டுங்கா, செம்பூர், டில்லி கரோல்பாக்னு நாம எங்க குடியேறினாலும் கூடவே மூட்டை கட்டி எடுத்துட்டு வந்த சமாச்சாரம் கச்சேரி. இப்போல்லாம் கச்சேரி முடிஞ்சு வாசல்ல செருப்பைத் தேடி எடுக்கறதுக்குள்ள வாட்ஸப்ல ஐம்பது போட்டோ வந்து விழுந்துடுது. நல்ல விஷயம்தான். ஊர்ல இருக்கற பாட்டி பார்த்து சந்தோஷப்படறாங்க. ஆனா அந்தப் படத்துல இருக்கறவங்க யாருங்க? மேடையில நான் பார்த்த தவில்காரர் நல்ல கறுப்பு. போட்டோவுல இருக்கறவர் ரோஜாப்பூ கலர்!

பேங்க்ல கணக்குப் பார்க்கற நேரம் போக, ஞாயிற்றுக்கிழமைன்னா கேமராவைத் தூக்கிட்டு சபாவுக்குப் போற ஆள் நான். அதனால எடிட்டிங்கே கூடாதுன்னு சொல்ல மாட்டேன். பண்ணித்தான் ஆகணும். கேமராவுக்கு நம்ம கண்ணு கிடையாது. தானியங்கியில விட்டா எதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். பின்னால வெள்ளைப் படுதா இருந்தா மிருதங்கக்காரர் முகம் இருட்டடிச்சுடும். கறுப்புப் படுதான்னா வெளிறிடும். மஞ்சள் பல்புல எல்லாருக்கும் காமாலை. இதையெல்லாம் வீட்டுக்கு வந்து, கட்டியிருக்கற வேட்டியோட வெள்ளையை அளவா வெச்சு சரி பண்ணலாம். வேட்டி வெள்ளையானா முகமும் ஏறக்குறைய தன் நிறத்துக்கு வந்துடும். இது திருத்தம்.

எங்க தொழில்லயும் தப்பா விழுந்த என்ட்ரியைத் திருத்தறது உண்டு. மார்ச் 31 அன்னிக்கு மட்டும் டெபாசிட்டைப் பெருசாக்கிக் காட்டறதும் உண்டு. அதுக்குப் பேர் 'விண்டோ டிரெஸ்ஸிங்'. ரெண்டையும் ஒண்ணுன்னு எந்த ஆடிட்டரும் சொல்ல மாட்டார். முகத்தைச் சிவப்பாக்கறது ரெண்டாவது ரகம்.

இது இன்னிக்கு நேத்து வியாதி இல்லீங்க. 1950கள்ல இருந்தே கோடாக் கம்பெனி லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். 'ஷர்லி கார்டு'ன்னு பேர். அதுல இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவங்க முகம் சரியா வந்தா கலர் சரின்னு கணக்கு. நம்மளை மாதிரி ஆளுங்க அந்தக் கணக்குலயே இல்லை. 2021ல கூகிள் பிக்ஸல் போன்ல 'ரியல் டோன்'னு ஒண்ணு கொண்டு வந்து, கறுத்த தோலை உள்ளபடி காட்டணும்னு வேலை செஞ்சாங்க. முகப்பூச்சு க்ரீம்கூட 2020ல 'ஃபேர் அண்ட் லவ்லி'ங்கற பேரை மாத்திக்கிச்சு. நாம மட்டும் விரல் நுனியில பவுடர் வெச்சுக்கிட்டு நிக்கறோம்.

போன வருஷம் எங்க பகுதி விழாவுல என் பொண்ணு மிருதங்கம் வாசிச்சா. ஏழாவது படிக்கறா. ஸ்கூல்ல 'காலீ'ன்னு கூப்பிடறாங்கன்னு ஏற்கெனவே வருத்தம். படம் வந்தது. அந்த ஃபில்டர் முகத்தை மட்டும் கண்டுபிடிச்சு வெளுத்திருக்கு, கையை விட்டுடுச்சு. ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அப்பா, கை என்னுது. முகம் யாரோடது?"ன்னு கேட்டா. ஸ்கூல்ல சொன்னதை நம்ம ஆளுங்களே வழிமொழிஞ்ச மாதிரி இருந்தது அவளுக்கு. இதுக்கு என்ன பதில் சொல்றது?

"கலைஞர்களே கேக்கறாங்களே சார்"னு சிலர் சொல்றாங்க. கேட்டவங்களுக்குப் பண்ணிக் கொடுங்க, அது அவங்க முகம். கேக்காதவங்களுக்கு ஏன் பண்றீங்க? அதுவும் குழந்தைகளுக்கு?

உழைப்பைக் காட்டணும்னா வேற வழி இருக்கு. ஃப்ளாஷ் வேண்டாம். பாடகர் பெரும்பாலும் வயலின் பக்கம் திரும்புவார், அதனால சபையில வலது ஓரமா உட்காருங்க. மைக் முகத்தை மறைக்காது. ஆலாபனையில 'டிக் டிக்'னு அடிக்காம தனி ஆவர்த்தனம் வரைக்கும் பொறுங்க. சத்தமில்லாத ஷட்டர்னா எல்.ஈ.டி. வெளிச்சத்துல கோடு கோடா விழுதான்னு முதல்லயே பார்த்துக்கங்க. தம்புரா போடறவரையும் கடக்காரரையும் வெட்டி எறியாதீங்க. உங்க பேரைப் போடறதா இருந்தா ஓரமாப் போடுங்க, வித்வான் நெஞ்சு மேல வேண்டாம் :-)

நெத்தி வேர்வை, மேளம் அடிச்சுக் காய்ச்சுப் போன விரல், வெயில்ல ஊர் ஊரா வாசிச்சுக் கறுத்த முகம், இதெல்லாம் அவங்க சம்பாத்தியம். அனுப்பற பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி அந்த ஃபில்டரை மட்டும் அணைச்சுடுங்க. உங்களுக்கு ஒரு நிமிஷ வேலைதான்.