பழைய கணினிகளுக்கு இரவு வேலை கொடுப்போம்

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கும். வாங்குபவரைத் தேடிக் கொண்டுவராது. மரத்தில் உளி படுவதற்கு முன்பே சிற்பத்தை எல்லாப் பக்கமும் சுழற்றிக் காட்டும் முப்பரிமாணப் படம் இருந்தால், வெளிநாட்டிலிருந்தும் ஆர்டர் கேட்கலாம். அதற்கான மென்பொருளுக்குச் செலவே இல்லை. 2002-இல் திறமூலமாக்கப்பட்ட பிளெண்டர் இலவசம். 2025-இல் ஆஸ்கர் வென்ற ‘ஃப்ளோ’ அனிமேஷன் படம் அதில்தான் உருவானது. இருந்தும் நம் மாணவர்கள் தயங்குவது, விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் இதைத் தொடவே முடியாது என்ற நம்பிக்கையால். அது பாதிதான் உண்மை.

முப்பரிமாணப் படத்தில் இரண்டு வேலைகள் உண்டு. உருவத்தை வடிப்பதற்குக் கண்ணும் கையும் வேண்டும். திரை உடனுக்குடன் அசைய வேண்டும். ஒளி, நிழல், மரத்தின் மெருகு ஆகியவற்றைக் கணக்கிட்டு இறுதிப் படமாக்கும் ரெண்டரிங் வெறும் கணக்கு. அதை யாரும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. கோப்பின் பெயர், எந்தப் படம் முதல் எந்தப் படம் வரை, எங்கே சேமிப்பது என்று ஒரு வரிக் கட்டளை தந்தால், பிளெண்டர் தன் சாளரத்தைத் திறக்காமலே பின்னணியில் வேலையை முடிக்கும். அதன் சைக்கிள்ஸ் முறைக்குச் சாதாரண பிராசஸரே போதும். கட்டளை வரி பிராசஸரை வேகமாக்கிவிடாது. திரைக்காகச் செலவாகும் நினைவகத்தை மிச்சப்படுத்தும், ஆள் இல்லாமல் வேலை நடக்க வழிசெய்யும்.

மணிக்கணக்கில் ஆகுமே என்பது நியாயமான கேள்வி. பத்து விநாடிக் காட்சிக்கு, விநாடிக்கு 25 வீதம் 250 படங்கள். ஒரு படத்துக்கு 20 நிமிடம் என்று வைத்தால், ஒரே கணினிக்கு மூன்றரை நாள் ஆகும். பத்துக் கணினிகளுக்குத் தலா 25 படங்களாகப் பிரித்தால் எட்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கல்லூரி ஆய்வகம் பூட்டிக் கிடக்கும் ஓர் இரவு போதும். கணினிக்கு 100 வாட் என்றாலும் மொத்தச் செலவு ஒன்பது யூனிட்டைத் தாண்டாது. ஒவ்வொரு படமும் தனிக் கோப்பாகச் சேமிக்கப்படுவதால், நடுவில் மின்சாரம் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இணையத்தில் வாடகைக் கணினி கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்கலாம். பெரிய கோப்புகளை ஏற்றி இறக்க நிலையான இணைப்பு வேண்டும். கல்வராயன் மலைக் கிராமங்களில் செல்பேசி சிக்னலே உறுதியில்லை. வெள்ளிமலையில் ஒரு மாணவி தன் மாதிரியைப் பென் டிரைவில் கொடுத்தனுப்பினால், கள்ளக்குறிச்சி ஆய்வகத்தில் ரெண்டரிங் நடக்கும். கட்டளை வரி கடினம் என்ற வாதமும் வலுவற்றது. மாணவர் மாற்ற வேண்டியது கோப்பின் பெயரும் இரண்டு எண்களும்தான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்ததால், பழைய கணினிகளை லினக்ஸுக்கு மாற்றக் காரணம் கூடியிருக்கிறது. அதுவும் நமக்குப் புதிதல்ல. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலேயே பாஸ் (BOSS) லினக்ஸ் வந்தது.

எல்லாப் பழைய கணினியும் உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். காட்சி முழுவதும் ராமில் அடங்காவிட்டால் கட்டளை வரியும் கைகொடுக்காது. மிகப் பழைய பிராசஸரில் பிளெண்டரின் புதிய பதிப்புகள் ஓடாது, பழைய பதிப்பைத்தான் நிறுவ வேண்டும். ஆகவே, ஆய்வகக் கணினிகளைக் கழித்து ஏலம் விடும் முன், எவை இந்த வேலையைத் தாங்கும் என்று கல்லூரிகளும் ஐடிஐ-களும் ஒரு மாதிரிக் கோப்பை ஓடவிட்டுப் பார்க்கட்டும். தாங்குபவற்றை இரவு ரெண்டரிங்குக்கு ஒதுக்கினால், புதிய கணினிக்கான பணத்தை மாதிரி வடிக்கும் சில நல்ல இயந்திரங்களுக்கு மட்டும் செலவிடலாம். அத்தனை மேசைக்கும் விலையுயர்ந்த கணினி வாங்க நிதி வரும்வரை காத்திருந்தால், இன்று படிக்கும் மாணவர்கள் முப்பரிமாண வேலையைத் தொடாமலே படிப்பை முடித்துவிடுவார்கள்.