வெள்ளரிக்காய்க் கட்டடமும் நமது தீ பாலிசியும்

லண்டன் மாநகரின் படங்களில் நுனி குவிந்த கண்ணாடிக் கட்டடம் ஒன்றைப் பலரும் பார்த்திருப்பீர்கள். உயரம் 180 மீட்டர், 41 மாடி. அவ்வூர் மக்கள் அதற்கு ‘கெர்கின்’ என்று பட்டப்பெயர் சூட்டிவிட்டார்கள். நமது திண்டுக்கல் பக்கம் விளைந்து, வினிகரில் ஊறிக் கப்பலேறுகிறதே, அதே வெள்ளரிதான்! 2004-ல் திறக்கப்பட்ட அதன் அழகைப் புகழப் பலர் இருக்கிறார்கள். வணிகர்களாகிய நமக்கு வேண்டியது அது நிற்கும் மனையின் கதை.

அந்த மனையில் 1903 முதல் பால்டிக் எக்ஸ்சேஞ்ச் என்னும் வணிகர் மன்றம் இருந்தது. 1744-ல் ஒரு காபிக் கடையில் கூடிய வியாபாரிகளின் வழிவந்த சங்கம் அது. தானிய பேரமும் கப்பல் வாடகை பேரமும் அங்கே வாய்ச்சொல்லில் முடிந்தன. 1992 ஏப்ரல் 10 இரவு ஐ.ஆர்.ஏ. இயக்கத்தினர் வைத்த குண்டு வெடித்து மூன்று உயிர்கள் போயின. மன்றக் கட்டடமும் சிதைந்தது.

அதற்குப் பின் நடந்ததுதான் முக்கியம். இன்சூரன்ஸ் கம்பெனிகள் தம் பொறுப்பில் ஒரு பகுதியைப் பெரிய கம்பெனிகளிடம் இன்சூர் செய்து வைக்கும். இதற்கு ரீ-இன்சூரன்ஸ் என்று பெயர். நஷ்ட ஈட்டைக் கண்டு மிரண்ட அந்தப் பெரிய கம்பெனிகள், இனிக் குண்டுவெடிப்புச் சேதம் எங்கள் பொறுப்பல்ல என்று கைவிரித்தன. தாங்க ஆளில்லாததால் மற்றவையும் பின்வாங்கின. பிரிமியம் கட்டத் தயாராக இருந்தவருக்கும் பாதுகாப்பு இல்லை என்ற நிலை! கடைசியில் 1993-ல் கம்பெனிகள் சேர்ந்து ‘பூல் ரீ’ என்ற பொது நிதியை ஏற்படுத்தின. நிதி போதாவிட்டால் பிரிட்டிஷ் அரசு பொறுப்பேற்கும் என்பது ஏற்பாடு. இடிந்த இடத்தில் கெர்கினை எழுப்பியது ‘சுவிஸ் ரீ’ என்ற ரீ-இன்சூரன்ஸ் கம்பெனி என்பது வேடிக்கைதான்.

2001-ல் நியூயார்க் கோபுரங்கள் தாக்கப்பட்ட பிறகு இங்கும் இதே நிலை வந்தது. 2002-ல் ஜி.ஐ.சி. நிர்வாகத்தில் பயங்கரவாதச் சேதத்துக்கென்று கூட்டு நிதி அமைந்தது. ஆனால் நம் கடை அதில் சேர்ந்திருக்கிறதா? பல பாலிசிகளில் தனிப் பிரிமியம் கட்டினால்தான் சேரும். இதை எத்தனை பேர் கேட்டு வாங்குகிறோம்? ஏஜெண்டு காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, ரசீதைக் கல்லாவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். ஒரு மூட்டை துவரம் பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்காமல் வாங்காத நாம், லட்சக்கணக்கான சரக்குக்கு எடுக்கும் பாலிசியின் பின்பக்கத்தைப் புரட்டுவதில்லை.

குற்றம் நம்மீது மட்டுமல்ல. பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், வக்கீல்களும் தடுமாறும் நடையில் அச்சிட்டுக் கொடுத்தால் மளிகைக்கடைக்காரர் என்ன செய்வார்? எவை எவற்றுக்கு நஷ்ட ஈடு கிடையாது என்ற பட்டியலை மட்டுமாவது தெளிவான தமிழில், படிக்கத்தக்க எழுத்தில் முதல் பக்கத்திலேயே கம்பெனிகள் தர வேண்டும் என்று கோருகிறோம். சங்க உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்துக்கு அவரவர் பாலிசியைத் தவறாமல் எடுத்து வரவும்.