பன்யிப்பின் நீர்நிலை

மலிவான பூதப் படங்கள்மீது எனக்குள்ள ஈர்ப்பை வகுப்பறையில் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. இலக்கணமும் காப்பியமும் நடத்துகிறவன் இரவில் ரப்பர் முதலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தால் மாணவர்களிடம் எஞ்சியிருக்கும் மரியாதையும் போய்விடும். ஆயினும் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் தொன்மங்களை மூலமாகக் கொண்ட சிறுசெலவுத் திகில் படங்களைச் சில ஆண்டுகளாகத் தேடித்தேடிப் பார்த்து வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை மோசமான படங்கள். ஆனால் அவை மோசமாக அமைந்ததற்குப் பணமின்மை காரணமன்று என்பதே என் கருத்து. அதை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

இப்படங்களில் அடிக்கடி தலைகாட்டும் 'பன்யிப்' என்ற நீர்வாழ் பூதத்தின் கதையிலிருந்து தொடங்கலாம். விக்டோரியா பகுதியின் பூர்வகுடி மொழிகளிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்ற சொல் இது. சதுப்பிலும் ஆழ்மடுவிலும் உறைவது. குழந்தைகள் அங்கே தனியே போகக்கூடாது. இந்த எச்சரிக்கை குடியேறிய வெள்ளையர் காதில் விழுந்ததும் விலங்கியல் ஆகிவிட்டது. 1845இல் கீலாங் நகரத்துச் செய்தித்தாள் ஒன்று பன்யிப்பின் எலும்பு கிடைத்ததாக எழுதியது. மறு ஆண்டு மரம்பிட்ஜி ஆற்றுப் பக்கம் ஒரு மண்டையோடு அகப்பட்டது. 1847இல் சிட்னி அருங்காட்சியகத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து அதைப் பார்த்தனர். உருக்குலைந்து பிறந்த குதிரைக்குட்டியோ கன்றோ என்று அறிஞர்கள் பின்னர் முடிவு கட்டினார்கள். 1853இல் டேனியல் டெனிஹி என்ற பேச்சாளர், பரம்பரைப் பிரபுப் பட்டங்களை உருவாக்க முனைந்தவர்களைப் 'பன்யிப் பிரபுக்கள்' என்று நையாண்டி செய்தார். ஆக, எட்டே ஆண்டுகளில் ஒரு மடுவின் எச்சரிக்கை முதலில் காட்சிப்பொருளாகி, பிறகு கேலிச்சொல்லும் ஆகிவிட்டது. திரைப்படம் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, பின்னாளைய திரைப்படங்கள் செய்யவிருந்த தவறு முழுவதும் ஒருமுறை நடந்தேறிவிட்டது எனலாம்.

அத்தவறு என்னவென்றால், பூதத்தை அதன் இடத்திலிருந்து பெயர்த்தெடுப்பது. 'கனவுக்காலம்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவது, மத்திய ஆஸ்திரேலியாவின் அரெர்ன்டே மக்களது சொல்லொன்றுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கில்லனும் ஸ்பென்சரும் கொடுத்த ஆங்கிலப் பெயர்ப்பின் வழி வந்தது. அது கனவுமல்ல, முடிந்துபோன காலமுமல்ல. இந்தப் பாறையை, இந்த ஓடையை, இந்த விலங்கை ஆக்கியவர்களின் இருப்பும் நெறியும் இன்றும் அங்கேயே இருக்கின்றன என்னும் உணர்வு அது. வெள்ளையர் வருகைக்கு முன் அக்கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தன் நிலம், தன் கதை, அதைச் சொல்ல உரிமையுடையோர், கேட்கக்கூடாதோர் என்று வரையறைகள் உண்டு. (சங்க இலக்கியம் படித்த எவருக்கும் இந்த இடத்தில் அணங்கு நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது. ஆனால் ஒப்பீட்டைத் தொடர விரும்பவில்லை; பெயர்த்தெடுப்பதைக் குறை சொல்லிக்கொண்டே நானும் அதைச் செய்வானேன்?)

பெயர்த்தெடுத்தலுக்குத் துல்லியமான எடுத்துக்காட்டு 'கடைச்சா' (1988). ஜேம்ஸ் போகில் இயக்கிய படம். பூர்வகுடிகளின் இடுகாட்டின்மேல் வீட்டுமனைகள் எழும்பியுள்ளன. அங்குள்ள பதின்வயதினர் கொடுங்கனவு கண்டு விழிக்கையில் கையில் ஒரு கல் இருக்கிறது. கல் வந்தவர் சாகிறார். கடைச்சா என்பவர் உண்மையில் மத்திய ஆஸ்திரேலியப் பாலைநிலத்து மக்களிடையே தண்டனையை நிறைவேற்றச் செல்லும் மனிதர். தடம் தெரியாதிருக்க ஈமு இறகாலான காலணி அணிவார் என்பர். அதாவது அவர் ஒரு சட்டத்தின் கை. குற்றம் உண்டு, விசாரணை உண்டு, பிறகுதான் அவர். படத்தில் சட்டம் போய்விட்டது. சாபம் மட்டும் மிஞ்சியது. 'இடுகாட்டின்மேல் வீடு' என்ற சரக்கோ அமெரிக்கப் படங்களில், குறிப்பாக 'போல்டர்கைஸ்ட்' (1982) வந்தபின், ஏற்கெனவே விலைபோய்க் கொண்டிருந்தது. பூர்வகுடிப் பெயர் ஒரு மேலுறை, அவ்வளவே.

எனினும் 1988 என்ற ஆண்டைக் கவனியுங்கள். வெள்ளையர் குடியேறி 200 ஆண்டுகள் ஆனதை நாடே கொண்டாடிய ஆண்டு. அதே ஆண்டில்தான் மாரியோ ஆண்ட்ரியாக்கியோவின் 'தி ட்ரீமிங்' படமும் வந்தது. அதில் ஒரு மருத்துவப் பெண்ணை அலைக்கழிப்பது, திமிங்கில வேட்டைக்காரர்கள் முன்பொரு காலத்தில் பூர்வகுடிகளைக் கொன்ற காட்சிகள். படம் தடுமாறுகிறது, பாதியில் நான் இருமுறை தேநீருக்கு எழுந்தேன். ஆனால் அச்சம் எந்தத் திசையிலிருந்து வரவேண்டும் என்பது அதற்குத் தெரிந்திருந்தது. வாணவேடிக்கைகளுக்கு நடுவே, காலடி மண்ணில் யாரோ புதைந்திருக்கிறார்கள் என்ற கதையை இரண்டு மட்டமான படங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. மட்டமான கலைக்குத் தன் சமூகத்தின் குற்றவுணர்வை மறைக்கும் சாமர்த்தியம் போதாது. நான் இவற்றைத் தேடிப் பார்ப்பதற்கு அதுவே காரணம்.

இத்தனை படங்கள் எண்பதுகளில் குவிந்ததற்குப் பின்னால் ஒரு வரிச்சலுகையும் இருந்தது. 1981இல் ஆஸ்திரேலிய அரசு 10பிஏ என்ற பிரிவின்கீழ், படத்தில் முதலிடுவோர் முதலைப்போல் ஒன்றரை மடங்கை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்றது. பல்மருத்துவரும் வழக்கறிஞரும் படத்துக்குப் பணம் போட்டார்கள். சலுகை படிப்படியாகச் சுருங்கி 1988இல் நூறு விழுக்காட்டுக்கு இறங்கியது.

அக்காலத்துப் படங்களில் நான் பரிந்துரைப்பது 'டார்க் ஏஜ்' (1987). முதலைகளை ஆய்ந்த விலங்கியலாளர் கிரஹாம் வெப் எழுதிய நாவலைத் தழுவி ஆர்ச் நிக்கல்சன் இயக்கியது. ராட்சத உப்புநீர் முதலையொன்று மனிதர்களைத் தின்கிறது. வனக்காவலர் அதைப் பிடிக்க வேண்டும். இதுவரை 'ஜாஸ்' (1975) படத்தின் நகல்தான். முதலையும் நகர்கையில் மரக்கட்டைபோல்தான் இருக்கிறது. ஆனால் அப்பகுதிப் பூர்வகுடி மக்களுக்கு அது முன்னோரின் உயிர்களைச் சுமக்கும் உயிர். தங்கள் குழந்தையையே அது கொண்டுபோன பின்னும் அவர்கள் அதைக் கொல்ல விரும்பவில்லை. படத்தின் பின்பாதி முழுவதும் வேட்டைக்காரர்களிடமிருந்து பூதத்தைக் காப்பாற்றி, அது வாழத்தக்க நீருக்குக் கொண்டுசேர்க்கும் பாடு. பூதத்தைக் கொல்வதில் முடியாத பூதப் படம் எத்தனை பார்த்திருக்கிறோம்? இங்கே அதற்கு ஊர் உண்டு, உறவு உண்டு. அதனால்தான் கட்டை முதலையும் நம்மை அசைக்கிறது.

அதில் முதியவராக நடித்தவர் பர்னம் பர்னம். கைக்குழந்தையாக இருந்தபோதே அரசால் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர். 1988 ஜனவரி 26 அன்று, சிட்னியில் கொண்டாட்டம் நடந்துகொண்டிருக்க, இங்கிலாந்தின் டோவர் கடற்கரைக்குச் சென்று பூர்வகுடிக் கொடியை நட்டு, அந்நாட்டைத் தம் மக்களின் பெயரால் உரிமை கொண்டாடினார். டேவிட் குல்பிலிலும் இப்படத்தில் உண்டு. படம் அப்போது ஆஸ்திரேலியத் திரையரங்குகளுக்கு முறையாக வரவேயில்லை. இருபது ஆண்டுகள் கழித்துத்தான் பேசப்பட்டது.

பூர்வகுடி முதியவர் வந்து எச்சரித்துவிட்டு, மூன்றாம் காட்சியில் காணாமல் போவது இவ்வகைப் படங்களின் மாறாத வாய்பாடு. லூக் ஸ்பார்க்கின் 'ரெட் பில்லபாங்' (2016) வரை இது தொடர்கிறது. தாத்தாவின் நிலத்தை விற்பதா வேண்டாமா என்று இரு வெள்ளைச் சகோதரர்கள் பூசலிடுகிறார்கள். பன்யிப் கணினி வரைகலையாக வந்து உறுமுகிறது. அந்த நிலம் தாத்தாவுடையது ஆனது எப்படி என்ற கேள்விக்கு நேரமில்லை.

கதையை எடுத்துக்கொள்வது என்றதும் டேவிட் யுனைப்பன் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. ஙாரின்ட்ஜெரி இனத்தவர், இன்றைய ஐம்பது டாலர் தாளில் இருப்பவர். இருபதுகளில் அவர் தொகுத்தெழுதிய கதைகள், 1930இல் லண்டனில் வில்லியம் ராம்சே ஸ்மித் என்ற மருத்துவரின் பெயரில் நூலாயின. யுனைப்பனின் பெயர் எங்கும் இல்லை. அவர் பெயரோடு அந்நூல் வெளிவர 2001ஆம் ஆண்டு ஆயிற்று. 'யாரா-மா-யா-ஹூ' என்றொரு சிவந்த குட்டிப் பூதம் அக்கதைகளில் வருகிறது. அத்திமரத்தில் இருக்கும், பல் கிடையாது, விரல்நுனி உறிஞ்சிகளால் இரத்தம் குடித்து, ஆளை விழுங்கி மறுபடி கக்கும். மீண்டும் மீண்டும் விழுங்கப்பட்டவன் மெல்ல அதைப் போலவே ஆகிவிடுவான். திகில் இரசிகர்கள் இன்று இதைக் கொண்டாடுகிறார்கள். எழுதியவரையே விழுங்கிய நூலின் வழியாக அது பரவியது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கதைக்குரியவர்களே படமெடுக்கத் தொடங்கியபோது என்ன நடந்தது? டிரேசி மொஃபாட்டின் 'பிடெவில்' (1993) ஒரு பூர்வகுடிப் பெண் இயக்கிய முதல் ஆஸ்திரேலிய முழுநீளப் படம். மூன்று பேய்க்கதைகள். முதற்கதையில் சதுப்பில் மூழ்கிய அமெரிக்கச் சிப்பாய்தான் பேய். அந்தச் சதுப்பின்மேல் திரையரங்கு கட்டுகிறார்கள். பூதங்களைக் காட்சிக்கு வைத்த கூட்டத்திற்கு இதைவிட நயமான பதில் இல்லை.

அண்மையில் வந்தது ஜான் பெல்லின் 'தி மூகாய்' (2024). 2020இல் குறும்படமாக வந்து, பின் முழுநீளமாக விரிந்தது. குழந்தைகளைக் கொண்டுபோகும் பூதம். பூர்வகுடிக் குழந்தைகளை அரசே பிடித்துச் சென்ற பல பத்தாண்டுகளின் நினைவு அதன் கீழே ஓடுகிறது. 1997இல் விசாரணை அறிக்கை வந்து, 2008 பிப்ரவரி 13 அன்று நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்ட அதே வரலாறு. வெள்ளைக் குடும்பத்தில் வளர்ந்த நாயகிக்குப் பிள்ளை பிறக்கிறது. ஏதோ ஒன்று அதைத் தேடி வருகிறது. அவள் சொல்வதை யாரும் நம்புவதில்லை. குறை உண்டு: பூதம் முழு உருவில் வெளிப்பட்டபின் அச்சம் தணிந்துவிடுகிறது, இறுதிப் பகுதி அவசரக் கோலம். எனக்கு அது பொருட்டாகத் தோன்றவில்லை. பழைய மிஷன் குடியிருப்பில், குழந்தைகளைப் பிடிக்க அதிகாரிகள் வரும்போது சிறுமிகள் ஓடி ஒளியும் அந்தத் தொடக்கக் காட்சியைப் பார்த்தபின், ஒப்பனையைப் பற்றிப் பேச மனம் வரவில்லை.

அந்தப் படத்தை முதுகலை மாணவர்கள் மூவருடன் வீட்டில் பார்த்தேன் (எனவே என் இரகசியம் இப்போது பாதி வெளியாகிவிட்டது). முடிந்ததும் ஒருவர், "ஐயா, இந்தப் பூதம் எந்த ஊர்?" என்று கேட்டார். பன்ட்ஜலங் மக்களின் சொல் என்றேன். அது எங்கே என்றார். அலமாரியிலிருந்து பழைய வரைபடப் புத்தகத்தை எடுத்து விரித்தோம். நியூ சவுத் வேல்ஸின் வடகிழக்கு மூலை, கடலோரம். பன்ட்ஜலங் என்ற பெயர் அதில் இல்லை. அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு மாணவர் எழுதிவைத்தார்.