முற்றத்து ஆனைக்கொய்யாவும் டின்பாலும்



கண்டி நகரிலிருந்து அம்பிட்டிய வழியாகத் தலாத்துஓயாவுக்கு ஏறும் பாதையின் இரு பக்கத்து வளவுகளையும் பாருங்கள். பலா, தென்னை, மிளகு, கராம்பு ஆகியவற்றோடு ஓர் ஆனைக்கொய்யா மரத்தையும் பல வளவுகளில் காணலாம். காய்க்கும் காலம் வந்தால் கிளை தாங்காமல் காய்க்கும். வீட்டார் தின்று, அயலாருக்குக் கொடுத்து, மிச்சம் மரத்தடியில் விழுந்து அழுகும். அதே வீட்டிலிருந்து நோயாளி ஒருவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டால், வழியில் இறங்கி வெளிநாட்டு அப்பிளும் திராட்சையும் வாங்குகிறோம். முற்றத்தில் சும்மா கிடைப்பதற்கு மதிப்பு இல்லை என்று நினைப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான்.

இந்தப் பழத்தைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு உண்டு. "அது முழுக்கக் கொழுப்பு, பிரஷர், கொலஸ்ட்ரோல், சீனி வியாதி உள்ளவர்களுக்கு ஆகாது" என்பது ஒன்று. "அது மருந்து, எவ்வளவு தின்றாலும் நல்லது" என்பது மற்றது. இரண்டுமே சரியல்ல. உண்மை எது என்று இம்மாதம் பார்ப்போம்.

பெயர் வந்த விதம்

ஆனைக்கொய்யாவின் பூர்வீகம் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும். ஆங்கிலேயர் ஒரு காலத்தில் இதனை 'அலிகேட்டர் பெயர்' என்று அழைத்தார்கள். முதலைப் பேரிக்காய் என்று பொருள். அந்தப் பெயரே சிங்களத்தில் 'அலிகெட்ட பேர' என்று மருவியது. சிங்களத்தில் 'அலி' என்றால் யானை, 'பேர' என்றால் கொய்யா. நமது 'ஆனைக்கொய்யா' என்ற பெயரும் அதே பொருளைத் தருகிறது. தமிழ்நாட்டில் இதையே வெண்ணெய்ப்பழம் என்பார்கள். பெயரில் கொய்யா இருந்தாலும் இதற்கும் கொய்யாவுக்கும் உறவில்லை. இது கறுவா மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது.

பழத்தில் என்ன இருக்கிறது?

எல்லா ஆனைக்கொய்யாவும் ஒன்றல்ல. தோல் கறுத்துச் சொரசொரப்பாக இருக்கும் 'ஹாஸ்' இனத்தின் 100 கிராம் சதையில் ஏறத்தாழ 160 கலோரியும் 15 கிராம் கொழுப்பும் உண்டு. நம் வளவுகளில் காய்ப்பவற்றுள் பல பெரியவை, தோல் வழவழப்பானவை, நீர்த்தன்மை கூடியவை. அத்தகைய இனங்களில் 100 கிராமுக்குச் சுமார் 120 கலோரியும் 10 கிராம் கொழுப்புமே உண்டு.

கொழுப்பு என்றவுடன் பயப்பட வேண்டாம். இதிலுள்ள கொழுப்பில் பெரும்பங்கு ஒலிவ் எண்ணெயில் உள்ள அதே வகை. கொலஸ்ட்ரோல் இதில் துளியும் இல்லை. கொலஸ்ட்ரோல் மிருக உணவுகளில் உள்ளது; மரத்தில் காய்ப்பதில் அதைத் தேட வேண்டியதில்லை.

அதோடு 100 கிராமில் 5 முதல் 7 கிராம் வரை நார்ச்சத்து இருக்கிறது. மலச்சிக்கலால் அவதிப்படும் கர்ப்பிணிகளுக்கும் வயோதிபர்களுக்கும் இது பெரிய உதவி. இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்த உதவும் பொட்டாசியம், இனத்தைப் பொறுத்து 350 முதல் 485 மில்லிகிராம் வரை உண்டு. கர்ப்பகாலத்தில் அவசியமான போலேட் சத்தும் விற்றமின் ஈ, கே ஆகியனவும் உள்ளன. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் போலிக் அமில மாத்திரைக்கு இந்தப் பழம் பதிலாகாது. பழத்தையும் உண்ணுங்கள், மாத்திரையையும் விடாதீர்கள்.

நம்மில் பலர் கவனிக்காத சத்து ஒன்று உண்டு. இனிப்புச் சத்து இதில் மிகக் குறைவு. 100 கிராமில் 1 முதல் இரண்டரை கிராம் வரைதான். வாழைப்பழத்தில் அதே அளவில் சுமார் 12 கிராம் இருக்கிறது.

ஆராய்ச்சி சொல்வது

அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவத் துறையினரை 30 வருடங்கள் தொடர்ந்து கவனித்து, 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாரத்தில் இரண்டு தடவையாவது, ஒரு தடவைக்கு அரைப் பழம் வீதம், உண்டவர்களுக்கு இதயநோய் வரும் வாய்ப்பு 16 வீதம் குறைவாக இருந்தது. இதைப் பழத்தின் வேலை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இந்தப் பழத்தை உண்பவர்கள் மற்ற விடயங்களிலும் பேணுதலாக வாழ்பவர்களாக இருக்கலாம். ஆனால் வெண்ணெய், மாஜரீன், பதப்படுத்திய இறைச்சி போன்றவற்றின் இடத்தில் இதைச் சேர்த்தால் நன்மை என்பதையும் அந்த ஆய்வு காட்டியது.

அதே 2022இல் வெளியான இன்னோர் ஆய்வையும் சொல்ல வேண்டும். இடுப்பு பருத்த சுமார் 1000 பேரில் ஒரு பாதியினருக்குத் தினம் ஒரு பழம் வீதம் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை. உடல் நிறையும் கூடவில்லை. கெட்ட கொலஸ்ட்ரோல் மட்டும் சற்றே இறங்கியது. ஆகவே "ஆனைக்கொய்யா தின்றால் தொப்பை கரையும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2005இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு நம் சமையலுக்கு மிகவும் பொருந்தும். கரட், கீரை சேர்ந்த சாலட்டோடு ஆனைக்கொய்யாவையும் சேர்த்து உண்டபோது, கண்ணுக்கு நல்லதான பீட்டா கரோட்டினை உடல் 15 மடங்கு கூடுதலாக உறிஞ்சிக்கொண்டது. அந்தச் சத்து உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும் என்பதே காரணம். வல்லாரைச் சம்பலுக்கும் கரட் சம்பலுக்கும் பக்கத்தில் நாலு துண்டு ஆனைக்கொய்யா வைப்பது வீணான வேலையல்ல.

பிழை எங்கே நடக்கிறது?

இவ்வளவு நல்ல பழத்தை நாம் எப்படி உண்கிறோம்? மசித்து, டின்பால் ஊற்றி, போதாதற்குச் சீனியும் போட்டு அடிக்கிறோம். நோன்பு திறக்கும் நேரத்தில் இது இல்லாத மேசை குறைவு.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 100 கிராம் டின்பாலில் 54 கிராம் அளவில் சீனி இருக்கிறது. ஒரு கோப்பைக்கு மூன்று மேசைக்கரண்டி ஊற்றினால் சுமார் 32 கிராம். அதற்கு மேல் இரண்டு தேக்கரண்டி சீனி போட்டால் 40 கிராம். சேர்த்த சீனி நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2015இல் கூறிய ஆலோசனை. பேரீச்சம்பழமும் தேநீரும் வட்டிலாப்பமும் இன்னும் கணக்கில் வரவில்லை. ஒரே கோப்பையில் நாள் முழுவதற்குமான அளவு தாண்டிவிட்டது.

2018, 2019ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்திய ஆய்வில் பெரியவர்களில் நூற்றுக்கு 23 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. அப்படியானால் நமது மேசையைச் சுற்றி நாலைந்து பெரியவர்கள் அமர்ந்தால், அவர்களில் ஒருவருக்கு இந்நோய் இருக்கலாம். ஆனால் நாம் செய்வது என்ன? "உம்மாவுக்குச் சீனி வியாதி, ஆனைக்கொய்யா கொடுக்க வேண்டாம்" என்று சொல்லி அவருக்கு இரண்டு பிஸ்கட்டை நீட்டுகிறோம். அவருக்கு ஆகாதது பழமல்ல. அதில் நாம் ஊற்றியதுதான். வெறும் பழத்தின் ஒரு துண்டு அந்த பிஸ்கட்டை விட எவ்வளவோ நல்லது. உண்பதையும் பருகுவதையும் அனுமதித்து, வரம்பு மீறுவதைத் தடுக்கும் சூரத்துல் அஃராஃபின் 31ஆம் வசனம், இந்தக் கோப்பைக்கும் பொருந்தும் அல்லவா?

இனிப்பில்லாமல் எப்படி?

நன்கு பழுத்த பழத்தை மசித்து, தேசிக்காய்ச் சாறு, உப்பு, மிளகுத்தூள், பொடியாக அரிந்த வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்துப் பாருங்கள். பாணுக்கும் ரொட்டிக்கும் மாஜரீன் தேவையில்லை. சஹருக்கு இது வயிற்றில் நின்று பசி தாங்கும். சாறாகத்தான் வேண்டும் என்றால் பால், பழம், ஓரிரு பேரீச்சம்பழம் போதும். கித்துள் பாணி நல்லது என்று அள்ளி ஊற்ற வேண்டாம், அதுவும் சீனிதான். நாக்கு பழக ஒரு மாதம் செல்லும். டின்பாலை வாரத்துக்கு ஒரு கரண்டியாகக் குறைத்து வந்தால் பிள்ளைகள் கவனிக்கவும் மாட்டார்கள்.

ஆறு மாதம் முடிந்து மேலுணவு தொடங்கும் குழந்தைக்குப் பழுத்த சதையை மசித்து அப்படியே ஊட்டலாம். உப்பு, சீனி எதுவும் வேண்டாம்.

இந்தப் பழம் மரத்தில் பழுப்பதில்லை. பறித்த பிறகே கனியும். காம்போடு பறித்து, அரிசிப் பானைக்குள் அல்லது வாழைப்பழத்தோடு கடதாசியில் சுற்றி வைத்தால் சீக்கிரம் கனியும். வெட்டிய பாதி கறுக்காமலிருக்கத் தேசிக்காய்ச் சாறு தடவி, மூடி, பிரிஜ்ஜில் வையுங்கள். தண்ணீரில் அமிழ்த்தி வைக்கும் முறையைச் செய்ய வேண்டாம். தோலிலுள்ள கிருமிகள் பழத்துக்குள் புகலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது. இதைக் கொதிக்க வைத்தால் கசக்கும். அதனால் கறி சமைக்க ஏற்றதல்ல.

கவனிக்க வேண்டியவர்கள்

அரைக் கிலோ எடையுள்ள ஒரு பழத்தில் 300 கிராம் சதை இருந்தால் அது 360 கலோரி. உடல் பருத்தவர்கள் முழுப் பழத்தை ஒரே நேரத்தில் உண்பது ஏற்றதல்ல. சோற்றைக் குறைத்து இதைச் சேர்க்க வேண்டுமே தவிர, சோற்றுக்கு மேல் சேர்க்கக் கூடாது. சிறுநீரக நோயாளிகள் பொட்டாசியம் காரணமாக டொக்டரைக் கேட்டே உண்ண வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வோபரின் மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று நிறைய உண்ணத் தொடங்கக் கூடாது. இறப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு இந்தப் பழமும் ஒத்துக்கொள்வதில்லை. கொட்டையை இடித்து மருந்தாக உண்ணும் பழக்கத்துக்குத் தக்க ஆதாரம் இல்லை, தவிர்த்துக்கொள்ளுங்கள்.

குர்பானுக்கு ஆடு வளர்க்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. ஆனைக்கொய்யா இலையில் 'பேர்சின்' என்ற நச்சுப்பொருள் உண்டு. அது ஆட்டின் மடியையும் இதயத்தையும் பாதிக்கும். கிளையை வெட்டி ஆட்டின் முன் போட்டுவிடாதீர்கள். கூண்டுக் கிளிக்குப் பழத்தையும் கொடுக்க வேண்டாம்.

2022இல் நாட்டில் பால்மாவும் எரிவாயுவும் கிடைக்காமல் வரிசையில் நின்ற நாட்களை நாம் மறக்கவில்லை. அந்த வருடம் செப்டெம்பரில் உணவு விலைகள் முந்தைய வருடத்தை விட ஏறத்தாழ 95 வீதம் உயர்ந்திருந்தன. அப்போதும் இந்த மரங்கள் தம்பாட்டில் காய்த்துக்கொண்டுதான் இருந்தன. இம்முறை உங்கள் வளவில் காய்த்தால், முதலில் மரமில்லாத அயல்வீட்டுக்கு, அவர் எந்த மதத்தவராயினும், ஒரு பையில் கொடுத்தனுப்புங்கள். அடுத்து, வீட்டிலுள்ள சீனி வியாதிக்காரருக்கு, டின்பால் சேர்க்காமல், ஒரு துண்டு எடுத்து வையுங்கள். மிச்சத்தைப் பிள்ளைகளோடு உண்ணுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.