பனிக்கட்டி எழுதிய கணக்கு

மாரி பொய்த்தால் பழுகாமத்து வட்டைகளில் வேளாண்மை கருகும். மிஞ்சினால் வெள்ளத்தில் அழுகும். படுவான்கரை உழவனுக்கு இது புதிய செய்தியன்று. புதியது, இன்று அவனுக்குச் சொல்லப்படும் சமாதானமே: காலநிலையைக் கெடுத்தது மனித குலமாம், நாம் அனைவரும் குற்றவாளிகளாம்! மேடைகளில் முழங்கும் இந்தத் தத்துவத்தை நம் ஆசிரியர்களிற் சிலரும் வகுப்பறைக்குள் கொண்டுபோகின்றனர். இதனை நாம் மறுக்கின்றோம். மறுப்பதற்கான சான்று துருவப் பனியில் இருக்கின்றது.

அங்கே ஆண்டுதோறும் விழும் பனி அடுக்கடுக்காக இறுகுகையில், காற்றும் சிறு குமிழிகளாக அதனுள் அகப்பட்டுக்கொள்கின்றது. அந்தாட்டிக்காவிலே துளையிட்டெடுத்த பனித்தண்டுகள் எட்டு இலட்சம் ஆண்டுகளின் காற்றை நமக்குத் தந்துள்ளன. கைத்தொழிற் புரட்சிக்கு முன் காபனீரொட்சைட்டு, பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்கு. இன்று 420க்கு மேல். அந்த நெடுங்காலத்தில் இதற்கு அருகேகூட அது வந்ததில்லை.

ஈயத்தின் கதை இன்னும் வெளிப்படையானது. உடலில் ஈயம் இருப்பது இயற்கையே என்று, ஈயக் கம்பனிகளின் பணத்தில் ஆராய்ச்சி நடத்திய றொபேட் கீஹோ பல்லாண்டு வாதித்தார். 1969 இல் கிளெயர் பற்றர்சனும் அவர்தம் தோழர்களும் கிரீன்லாந்துப் பனியை ஆராய்ந்து விடை கூறினர்: கி.மு. 800 அளவிலிருந்ததைவிட இருநூறு மடங்குக்கு மேல் ஈயம். அதிலும் செங்குத்தான ஏற்றம் 1940 இன் பின், ஈயம் கலந்த பெற்றோலின் காலத்தில். சட்டம் கடிவாளமிட்டது; 1967க்கும் 1989க்கும் இடையில் அந்தப் பனியின் ஈயம் ஏழரை மடங்கு குறைந்தது. மனித குலம் திடீரென்று ஞானம் பெற்றுவிட்டதா? இல்லை, ஒரு பண்டத்தின் விற்பனை தடுக்கப்பட்டது, அவ்வளவே. (இலங்கைக்கு அந்தத் தடை 2002 இல்தான் வந்து சேர்ந்தது.)

கரிப்புகையின் கணக்கும் இத்தகையதே. இலங்கையர் ஒருவரின் பங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு தொன். அமெரிக்கர் ஒருவருக்கோ அதைப்போலப் பன்மடங்கு. இலங்கைக்குள்ளும் கொழும்பின் குளிரூட்டிய மாளிகையும் வயற்கூலியின் குடிசையும் ஒன்றா? இவர்கள் எல்லாரையும் ஒரே கூண்டில் ஏற்றுவதற்குப் பெயர் பணிவன்று, மோசடி.

2015 இல் பாரிசில் கூடிய அரசுகள், காலநிலையால் நேரும் இழப்பையும் சேதத்தையும் ஏற்று வாசகம் வரைந்தன. கூடவே, அது பொறுப்புக்கோ நட்டஈட்டுக்கோ அடிப்படையாகாது என்றும் தீர்மானத்தில் எழுதிவைத்தன. 2022 இல் எகிப்தில் நிதியொன்றுக்கு இசைந்தபோதும், கடன்பட்டவரின் கை கொடையாளியின் கையாகவே நீண்டது. நாம் கேட்பது நட்டஈடு. அதை மறுக்கும் அந்த வரியோ இன்னும் நீக்கப்படவில்லை.